அழித்த வரியைப் படித்தவர்

கொங்கு நாட்டில் கொலை மிரட்டல்கூட ‘ங்க’ சேர்த்துத்தான் வரும்.

“ஏனுங் அம்மணி, துப்பறியற பத்மாவதிங்களா? ஒரு காலேஜ் டீச்சரம்மா இன்னைக்கு உங்க ஆபீசுக்கு வருவாங்க. ஒரு வாய் காப்பி குடுத்துத் திருப்பி அனுப்பிச்சுப்போடுங்க. இல்லீன்னா மாடிப்படி எறங்கையில காலு தவறிப்போயிருமுங்க. அவங்க காலில்லீங்க, உங்க காலு.”

லைன் செத்தது. பத்மாவதி ரிசீவரை வைத்தாள். மணி ஒன்பதே முக்கால். பதினைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகக் குப்பை கொட்டியவள். குரலைக் கேட்டே ஆளை எடை போட்டுவிடுவாள். இந்தக் குரலுக்கு நாற்பது வயசு, வாயில் வெற்றிலை, கையில் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டு.

“யாருங்க்கா?” என்றான் எதிர் மேஜையிலிருந்து அமீர் ஹம்சா. அவளுடைய உதவியாளன். முப்பத்திரண்டு வயசு. கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

“நம்ம படிக்கட்டு வழுக்குமாம். அக்கறையாச் சொல்றாங்க.”

“அதை ஹவுஸ் ஓனர்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. நான் ரெண்டு வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன்.”

பீளமேட்டில், மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்தது அந்த ஆபீஸ். சரியாகப் பத்து மணிக்கு அதே படிக்கட்டில் இரண்டு ஜோடிச் செருப்புகள் ஏறி வந்தன.

முன்னால் வந்தவள் நந்திதா. தனியார் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி ஆசிரியை. முப்பது வயசிருக்கும், தூங்கி நாலு நாளாகியிருக்கும். பின்னால் வந்தவன் அவள் கணவன் கிருபாசங்கர். பம்பு செட் வியாபாரம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத முகம். மனைவி உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டான்.

“இவ பயந்துபோய்க் கிடக்கறாளுங்க. எவனோ இவளோட இ-மெயிலையெல்லாம் படிக்கறான். கண்டுபுடிச்சுக் குடுத்தீங்கன்னா கோடிப் புண்ணியமுங்க” என்றான்.

நந்திதா தொடங்கினாள். ஈரோட்டுக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரத்தில் ஒரு சாயப்பட்டறை. முதலாளி தம்பிதுரை, அவளுடைய சொந்தப் பெரியப்பா. பட்டறைக் கழிவு எங்கே போகிறது என்பதற்கு அவர் கணக்காகப் பதில் வைத்திருந்தார். சுற்று வட்டாரக் கிணறுகளிடம் வேறு பதில் இருந்தது. தண்ணீர் காவியாக வந்தது. குழந்தைகளுக்குத் தோல் வெடித்தது. பூமிக்கடியில் ஒரு திருட்டுக் குழாய் ஓடுகிறது என்று பட்டறையில் வேலை பார்த்தவர்களே அவளிடம் ரகசியமாகச் சொன்னார்கள். அதை எழுதிச் சென்னையிலிருக்கும் வக்கீலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“மாசாணம்னு ஒருத்தர் பேரை அனுப்புனேன். மறுநாளே அவர் கையை ஒடிச்சுட்டாங்க. மெயில்லதான் ஓட்டைன்னு மெயில் சர்வீசை மாத்துனேன். இன்னொருத்தர் பேரை அனுப்புனேன். அவர் இப்ப ஊரிலேயே இல்லை. அப்பறம் இண்டர்நெட் பாக்கற சாப்ட்வேரை மாத்துனேன். பாஸ்வேர்டை நாலு தடவை மாத்துனேன்.”

“நம்ம ஊர் டவுன் பஸ்சுகூட இத்தனை தடவை ரூட்டு மாத்தறதில்லீங்க” என்றான் அமீர்.

நந்திதா சிரிக்கவில்லை. “கடைசியா, கடுதாசியைப் பூட்டி அனுப்பற சாப்ட்வேர் ஒண்ணை வக்கீல் சொல்லிக் குடுத்தாரு. அவர்கிட்ட இருக்கற சாவி இல்லாம கலெக்டரே நெனச்சாலும் அதைப் படிக்க முடியாது. முந்தாநேத்து, செவ்வாய்க்கிழமை சாயந்திரம், அதுல பாவாத்தாள்னு ஒரு அம்மா பேரை டைப் பண்ணுனேன். பட்டறையைக் கூட்டிப் பெருக்குனவங்க. குழாயோட வாய் எங்கன்னு அவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். டைப் பண்ணுன உடனே மனசு கேக்கலை. அந்த வரியை அழிச்சுட்டேன். அழிச்ச பின்னாடிதான் கடுதாசியைப் பூட்டி அனுப்புனேன்.”

“அப்பறம்?”

“நேத்து மத்தியானம் அவங்களோட மூணு ஆட்டுக்கு வெசம் வெச்சுப்போட்டாங்க. வாயைத் தெறந்தா அடுத்தது உன்ற மகன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

கீழே கடையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

“இங்கே வர்றது யாருக்குத் தெரியும்?” என்றாள் பத்மாவதி.

“நேத்து சாயந்திரம் உங்க அட்ரஸையும் நேரத்தையும் கம்ப்யூட்டர்ல குறிச்சு வெச்சேன். அவ்வளவுதான்.”

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிக பட்டறைக்கு வர்றாங்க” என்றான் கிருபாசங்கர் குரலைத் தணித்து. “பாவாத்தாள் புளியமரத்துக்கிட்ட வந்து நின்னாத்தானுங்களே இவ பட்ட பாட்டுக்கு அர்த்தம்? எனக்கு மௌசைப் புடிக்கவே தெரியாதுங்க. இல்லாட்டி நானே பாத்திருப்பேன்.”

பத்மாவதி ஒரு தாளில் மூன்றே சொற்களை எழுதி அமீர் பக்கம் தள்ளினாள். *அனுப்பவில்லை. ஆனாலும் போனது.*

“பூட்டு நல்ல பூட்டுதான்” என்றான் அமீர் அதைப் படித்துவிட்டு. “பூட்டறதுக்கு முந்தியே எவனோ தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்திருக்கான். மேடம், தமிழ்ல எதை வெச்சு டைப் பண்றீங்க?”

“‘நொய்யல்’னு ஒரு சாப்ட்வேர். இங்கே பீளமேட்டுல ஒருத்தர் எழுதுனது. பத்திரிகையில பாத்து அவருக்கு எழுதிப் போட்டேன். இலவசமா ஃப்ளாப்பி அனுப்பி வெச்சாரு. இங்கிலீஷ் எழுத்துல தட்டுனா தமிழா விழும்.”

பத்மாவதி நாற்காலியை விட்டு எழுந்தாள். நந்திதாவின் ஒவ்வொரு விரல் தட்டும் அந்த மென்பொருளின் வழியாகத்தான் போகிறது. மெயிலை மாற்றி என்ன, பூட்டை மாற்றி என்ன?

“இலவசமாக் குடுத்த அந்த வள்ளலைப் பாத்துட்டு வந்துருவோம்” என்றாள்.

வள்ளலின் பெயர் சுந்தரராஜுலு. ஓய்வு பெற்ற மில் இன்ஜினியர். அறுபத்து மூன்று வயசு. வீட்டுக் கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கியது. உள்ளே நாய் எதுவும் இல்லை.

“இது நமக்கு வெச்ச போர்டு இல்லீங்க்கா” என்றான் அமீர். “இந்தப் பக்கம் வர்ற நாயிகளுக்கு வெச்ச எச்சரிக்கை.”

கதவைத் திறந்த பெரியவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு?”

“பத்மாவதிங்க. துப்பறியும் நிறுவனம் வெச்சிருக்கேன். இவர் அமீர் ஹம்சா.”

போன வருடம் ஊரில் குண்டுகள் வெடித்ததிலிருந்து, தன் பேரைச் சொன்னதும் எதிராளி முகம் மாறுவதை அமீர் பார்த்துப் பழகியிருந்தான். பெரியவரின் முகம் மாறவில்லை. அதில் ஏற்கெனவே இருந்த கடுப்புக்கு மேல் கடுக்க இடமில்லை.

“எந்த ஹம்சாவா இருந்தா எனக்கென்ன? ஷூவைக் கழட்டிப்போட்டு வா.”

உள்ளே கட்டிலில், அலமாரியில், ஜன்னல் திட்டில் எல்லாம் ஃப்ளாப்பிப் பெட்டிகள். பத்மாவதி சுற்றி வளைக்கவில்லை. அவருடைய மென்பொருள் ஒரு பெண்ணின் விரல்களை வேவு பார்ப்பதாகவும், அதனால் ஒருவரின் கை ஒடிந்திருப்பதாகவும் சொன்னாள்.

சுந்தரராஜுலுவின் காது மடல் சிவந்தது.

“திருடன்னு சொல்ல வந்தியா? எட்டு வருசம்மா! கண்ணு போச்சு, பென்ஷன் போச்சு, பொண்டாட்டி மக வூட்டுக்குப் போயிட்டா. நம்ம எழுத்தை நம்ம சனங்க காசில்லாம எழுதட்டும்னு நான் உசிரைக் குடுத்து எழுதுனது. அடுத்தவன் கடுதாசியைப் படிக்கறவனுக்கு என் அகராதியில என்ன பேரு தெரியுமா?”

“தெரியாதுங்க. ‘நொய்யல்’லயே டைப் பண்ணிக் காட்டுங்க” என்றான் அமீர்.

“வெளிய போ!”

அமீர் நகரவில்லை. கைக்கெட்டிய பெட்டியிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் புரட்டினான். நீல லேபிளில் ‘நொய்யல்’ என்று அச்சடித்திருந்தது. “இதை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கீங்க?”

“நானூத்திப் பதினொண்ணு. ஒவ்வொரு பேரும் நோட்டுல இருக்கு. நோட்டைக் காட்ட மாட்டேன். எவன் எவன் என்னத்தை எழுதறான்னு எனக்கே தெரியாது, உனக்கு எதுக்கு?”

அந்தக் கோபத்தில் பத்மாவதிக்குப் பொய் வாடை அடிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பொய்களைக் கேட்டவள் அவள். பொய் சொல்கிறவன் கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பான். இவர் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாமல் சண்டைக்கு நிற்கிறார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அப்பறம் போயிடறோம். ‘நொய்யல்’ மொத்தம் எத்தனை ஃப்ளாப்பி?”

“எத்தனையா? ஒண்ணு! ஒத்தை ஃப்ளாப்பியில பாதி எடங்கூட ஆகாது. பத்து ஃப்ளாப்பியில அடைக்கறவனுக்கெல்லாம் புரோகிராம் எழுதத் தெரியலைன்னு அர்த்தம்.”

பத்மாவதி அவருடைய போனிலேயே நந்திதாவின் கல்லூரிக்கு டயல் செய்தாள். இரண்டு நிமிடத்தில் நந்திதா லைனில் வந்தாள்.

“உங்களுக்குத் தபால்ல எத்தனை ஃப்ளாப்பி வந்துச்சு?”

“ரெண்டுங்க. நான் காலேஜ்ல இருக்கையில தபால் வந்துச்சு, அவர்தான் கவரை வாங்கி வெச்சாரு. ரெண்டையும் நானேதான் போட்டுக்கிட்டேன். ஏனுங்க?”

பத்மாவதி ரிசீவரை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சுந்தரராஜுலு கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து, புது ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து அமீர் கையில் திணித்தார்.

“இது சுத்தமானது. அந்தப் பொண்ணுக்கு. பழையதை மொத்தமா அழிச்சுப்போட்டு இதைப் போடச் சொல்லு. என் பேரைக் கெடுத்தவன் எவன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லு. இப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க.”

நந்திதாவின் வீடு மில் ரோட்டுக்குப் பின்னால். பன்னிரண்டரைக்கு அவள் கல்லூரியிலிருந்து ஓடி வந்து கதவைத் திறந்தாள். முன்னறை மூலையில் பூப்போட்ட துணி மூடிய கம்ப்யூட்டர். மேஜை டிராயரில் இரண்டு ஃப்ளாப்பிகள்.

முதலாவதில் நீல லேபிள், அச்செழுத்து. இரண்டாவதும் நீலந்தான், ஆனால் ‘நொய்யல் 2’ என்று பேனாவில் எழுதியிருந்தது.

“பாருங்க்கா” என்றான் அமீர். “மொதல்ல இருக்கறதுல ஒண்ணுன்னு நம்பரே இல்லை. ஒத்தைப் புள்ளை பெத்தவ அவனை ‘பெரியவனே’ன்னு கூப்புட மாட்டா. கிழவருக்கு ரெண்டாவது புள்ளை பொறந்த சங்கதியே தெரியாது.”

அவன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். அரை மணி நேரம் அவன் வாயிலிருந்து பேச்சே வரவில்லை. அதுவே பத்மாவதிக்குக் கவலையாக இருந்தது. பிறகு விசிலடித்தான்.

“இருக்கு. விரல் எதைத் தட்டினாலும் ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுக்குது. அழிச்சா, அழிச்சாங்கன்னும் எழுதி வெச்சுக்குது. அதான் பூட்டெல்லாம் பொம்மைப் பூட்டாப் போச்சு.”

“அதை இண்டர்நெட் வழியா என் பெரியப்பாவுக்கு அனுப்புதா?” என்றாள் நந்திதா.

அமீர் பத்மாவதியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை.

“இல்லீங்க. இது எங்கயும் அனுப்பலை. அனுப்பத் தெரியாது இதுக்கு. எழுதி இங்கயே வெச்சுக்குது, அவ்வளவுதான். படிக்கணும்னா இந்த நாற்காலியில வந்து உக்காந்துதான் படிக்கணும்.”

“வெளியாளு எவனாச்சும் உள்ளே வந்துட்டுப் போறானா?” என்று கேட்டுக்கொண்டே நந்திதா ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள்.

பத்மாவதி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தட்டுனதைப் படி, அமீர்.”

திரையில் தமிழ் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய அந்த மூலத் தட்டல்கள்தான் வரிசையாக இருந்தன. அமீர் எழுத்துக் கூட்டிப் படித்தான். “பாவாத்தாளுக்கு... இடம் தெரியும்... வாய்க்கால் ஓரப் புளியமரங்களில் ஒன்றின் அடியில்தான்... குழாயின் வாய் இருக்கிறது... எந்த மரம் என்று... அவருக்கு மட்டுமே தெரியும்.” நிறுத்தினான். “அதுக்கப்பறம் அழிப்பு, அழிப்பு, அழிப்பு. மொத்த வரியும் போச்சு.”

“நந்திதா, புளியமரம்னு நீ யாருகிட்டயாச்சும் வாயால சொன்னியா?”

“இல்லீங்க. பாவாத்தாள் என் காதுல சொன்னாங்க. நான் தட்டுனேன், அழிச்சேன். வக்கீலுக்கே தெரியாது.”

“காலையில என் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. பாவாத்தாள் புளியமரத்துக்கிட்ட வந்து நிக்கணும்னு.”

நந்திதாவும் அப்போது அந்த அறையில்தான் இருந்தாள். அவளும் கேட்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் நிற்கிறவனை யாரும் அப்படிக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த கிருபாசங்கர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மூன்று முகங்களையும், திறந்து கிடந்த கம்ப்யூட்டரையும், மேஜைமேல் இருந்த இரண்டாவது ஃப்ளாப்பியையும் பார்த்தான்.

“ஏனுங்க, ஏதாச்சும் கிடைச்சுதுங்களா?” என்றான் புன்னகையோடு.

“கிடைச்சுது. தபால் வந்தன்னிக்கு நந்திதா காலேஜ்ல. கவரை வாங்குனது நீங்க. ரெண்டாவது ஃப்ளாப்பியை உள்ளே வெச்சு ஒட்டிக் குடுத்ததும் நீங்க” என்றாள் பத்மாவதி. “மௌசைப் புடிக்கத் தெரியாதவருக்கு, அழிச்ச வரியை மட்டும் நல்லாப் படிக்கத் தெரிஞ்சிருக்கு.”

புன்னகை இருந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அவன் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டான். இந்த முறை மனைவிக்கு இழுத்துப் போடவில்லை.

“ஆமா. இப்ப என்ன? அவ பெரியப்பா என்னைக் கூப்புட்டுப் பேசுனாரு. ‘மாப்ளே, புள்ளையை நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். அவளுக்குச் சொல்றவன் யாருன்னு மட்டும் சொல்லிப்போடு’ன்னாரு. ஃப்ளாப்பியும் அவரு ஆளுதான் கொண்டாந்து குடுத்தான். சாட்சிக்கு ஆளே இல்லீன்னா இவளே உட்டுப்போடுவா, ஊடு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். இவ மேல ஒரு கீறலாச்சும் விழுந்துச்சா? சொல்லுங்க. நாந்தான் காப்பாத்துனேன்.”

“மாசாணத்தோட கையி?” என்றாள் நந்திதா.

“மாசாணம் யாருடி உனக்கு? ஒறம்பரையா?”

“அவர் பேரை என்னை நம்பிக் குடுத்தாரு.”

“நான் உன்ற புருசன். எங்கிட்ட மறைக்கறதுக்கு உனக்கு என்ன இருக்குது? பூட்டுப் போட்டுக் கடுதாசி எழுதறா! எவன் ஊட்டுப் பொம்பளை புருசன் படிக்கக் கூடாதுன்னு பூட்டுப் போட்டு எழுதுவா?” பத்மாவதியின் பக்கம் திரும்பினான். “நீங்க ஊர்க் கதையைத் தோண்டி வயித்தைக் கழுவறவங்க. நீங்க எனக்கு நாயம் சொல்றீங்களா?”

“பதினஞ்சு வருசம் இந்த ஊரு பேசுனதெல்லாம் என் காதுக்குள்ளதான் ஓடுச்சு” என்றாள் பத்மாவதி. “யாரு யாரோட ஓடிப் போறாங்க, யாரு சாகக் கிடக்கறாங்க, எல்லாம் விழும். ஒரு சொல்லை வெளிய எடுத்துட்டுப் போனதில்லை. அது சாமர்த்தியம் இல்லீங்க, சோறு போட்ட வேலைக்கு மரியாதை. உங்களுக்கு இந்த வீட்டுல அது இல்லாமப் போச்சு.”

கிருபாசங்கர் போனை எடுக்கப் போனான். அமீர் அதன்மேல் கையை வைத்தான்.

“கையை எடுடா.”

“பெரியப்பாவுக்குச் சொல்லணுமா? சொல்லுங்க. நாங்க கிளம்புன பின்னாடி சொல்லுங்க. பெட்டியை மட்டும் கொண்டு போறோம். சாட்சி சொல்ற பெட்டி.”

“என் ஊட்டுப் பொருளு அது!”

“என் சம்பளத்துல வாங்குனது” என்றாள் நந்திதா. உள்ளே போனவள் ஒரு பையில் நாலு புடவையோடு திரும்பி வந்தாள். அழவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் பிடுங்கினாள். கிருபாசங்கர் வாசல்படியை மறித்து நின்றான்.

“வெளிய போனா இந்தப் பக்கம் திரும்பி வரப்படாது.”

“அப்பக் கொஞ்சம் நகந்து நில்லு” என்றாள்.

ஈரோட்டைத் தாண்டி வாய்க்கால் கரையில் கார் நின்றபோது மணி நாலரை. பாவாத்தாளின் குடிசைக்கு எதிரே இரண்டு பேர் மோட்டார் சைக்கிளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

“வாங்கம்மணி. படிக்கட்டெல்லாம் பத்திரமா எறங்கி வந்தீங்களாட்டருக்குது” என்றான்.

பத்மாவதி அவனைத் தாண்டி உள்ளே போனாள். பாவாத்தாளுக்கு ஐம்பது வயசு இருக்கும். சாயம் ஏறிய நகங்கள், ஒடிசலான உடம்பு. வாசலோரம் புதிதாகத் தோண்டி மூடிய மண். ஆடுகளைப் புதைத்த இடம். நந்திதா அவள் எதிரில் உட்கார்ந்து நடந்ததை எதையும் குறைக்காமல் சொன்னாள்.

“உங்க பேரு எங்க ஊட்டுல இருந்துதான் போச்சுங்க. நான்தான் தட்டுனேன். என் புருசன்தான் குடுத்தாரு.”

“எங்கிட்டக் கேக்காம என்ற பேரை எதுக்குக் கண்ணு எழுதுன?” என்றாள் பாவாத்தாள்.

நந்திதாவுக்கு, அன்று முழுக்கக் கேட்ட எல்லா வசவுகளையும்விட அது ஆழமாக இறங்கியது.

“இன்னைக்கே உங்களையும் உங்க மகனையும் ஆனைமலைக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்” என்றாள் பத்மாவதி. “அங்கே எனக்குத் தெரிஞ்ச வீடு இருக்கு. யாருக்கும் தெரியாது. நாளைக்கு நீங்க வர வேண்டாம்.”

“பையனைக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் பாவாத்தாள். “நான் வரலை.”

“வெளிய ரெண்டு பேரு நிக்கறாங்க.”

“நிக்கட்டும். ஒளிச்சு வெச்ச பேராயிருந்தா அவனுக பயங்காட்டலாம். இப்பத்தான் எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சே.”

பையனை அமீர் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பத்மாவதியும் நந்திதாவும் அந்தக் குடிசையிலேயே தங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரிகளின் ஜீப் வந்தது. பட்டறை வாசலில் தம்பிதுரை வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்று, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னார். தம்பி மகளைப் பார்த்ததும் அவர் கண் சுருங்கியது, குரல் மாறவில்லை.

“வாம்மா நந்திதா. மாப்ளே வரலியா?”

அவள் அவரைத் தாண்டி அதிகாரியிடம் போனாள். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள். தொட்டிகள் கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. வாய்க்கால் ஓரத்தில் நாற்பது புளியமரங்கள் வரிசையாக நின்றன. நாற்பதின் அடியிலும் புதிதாக மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தது.

“குழாய் இருக்குதுன்னு மனுவுல எழுதியிருக்குதுங்க. எங்கீங்க?” என்றார் தம்பிதுரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “சொன்னவன் யாரு? ஒருத்தன் பேராச்சும் இருக்குதா? மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் ஜீப்பெடுத்துட்டு வந்தா அப்பறம் ஊர்ல தொழில் பண்ண முடியுமுங்களா?”

அதிகாரி நந்திதாவைப் பார்த்தார். அவளுக்குப் பதில் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. பத்மாவதியும் திறக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாவாத்தாள் வந்தாள். வெற்றிலைக்காரன் அவள் பாதையில் காலை நீட்டினான். பத்மாவதி அந்தக் காலை மிதித்துக்கொண்டே அவளுக்கு முன்னால் நடந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணாமல், இடமும் வலமும் பார்க்காமல், பாவாத்தாள் நேராகப் போய்ப் பதினேழாவது மரத்தடியில் நின்றாள். குதிகாலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினாள்.

“இங்கத்தான் தோண்டுங்க.”

இரண்டடி ஆழத்தில் கடப்பாரை சிமெண்டில் மோதியது. மூன்றாவது இடியில் குழாயின் மூடி உடைந்து, ரத்தச் சிவப்பில் தண்ணீர் பீறிட்டு அதிகாரியின் செருப்பை நனைத்தது. தம்பிதுரை இளநீர்க்காரனைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

அதிகாரி நோட்டைத் திறந்தார். “அம்மா, உங்க பேரைப் போட வேண்டாம்னா போடாம விட்டுடறேன். ‘ஊர்வாசி ஒருவர்’னு எழுதிக்கலாம்.”

“வேண்டாமுங்க” என்றாள் பாவாத்தாள். “போடுங்க. பாவாத்தாள். எங்கப்பன் பேரு குப்பண்ணன். ஊரு இதேதான்.”

அவர் எழுதினார். அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எழுதுனதைச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, இங்க நிக்கற அத்தனை பேருக்கும் கேக்கட்டும்.”